கலுங்கா மக்களின் காணியில் நான்கு நாட்கள்

பிரேசில் என்றதும் எம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது உதைபந்தாட்டம். அடுத்தது அமேசன் காடு. அதற்கும் அடுத்தது றியோ நகரத்துக் களியாட்ட ஊர்வலம். இந்த மூன்றும் இல்லாத ஒரு பிரேசிலும் இருக்கிறது. நாட்டின் நடுப்பகுதியில், கடலுக்கு வெகு தொலைவில், உயர்ந்த மேட்டு நிலத்தில் பரந்து கிடக்கும் அந்தப் புல்வெளிக் காட்டின் பெயர் செராடோ. பரப்பளவு ஏறக்குறைய 20 இலட்சம் சதுர கிலோமீற்றர். எமது இலங்கைத் தீவைப் போல முப்பது தீவுகளை அதற்குள் வைக்கலாம். அந்தச் செராடோவின் நடுவே கோயாஸ் மாநிலத்தின் வடக்கில் இருக்கும் கவல்கான்ரே என்ற சிறிய ஊருக்கு 2024 யூலை மாதப் பள்ளி விடுமுறையில் சென்று வந்தோம். அந்த ஊரைப் பற்றியும், அதற்கு அப்பால் மலைகளுக்கு நடுவே வாழும் கலுங்கா மக்களைப் பற்றியும் வாசகர்களுடன் சில விடயங்களைப் பகிர்ந்து கொள்ள விரும்புகிறோம்.

ரொறன்ரோவிலிருந்து புறப்பட்டவர்கள் இரண்டு குடும்பத்தினர். பெரியவர்கள் நால்வர், பிள்ளைகள் மூவர். எட்டாவது ஆளாக எழுபதைத் தாண்டிய எமது மாமா. கடற்கரை எதுவும் இல்லாத ஊருக்கு இவ்வளவு செலவழித்துப் போகவேண்டுமா என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். ஒளித்தோடி வந்தவர்களின் பிள்ளைகள் இன்றைக்கும் அதே மண்ணில் வாழ்கிறார்கள் என்று எங்கோ வாசித்த மாமாதான், "நான் கண்ணை மூடமுன்னம் அதுகளை ஒருக்கால் பார்க்கவேணும்" என்று நின்றவர்.

தலைகீழான காடு

தலைநகர் பிரசீலியாவிலிருந்து கவல்கான்ரேக்கு ஏறக்குறைய 320 கிலோமீற்றர். பிரசீலியாவே ஒரு புதுமையான நகரம். வெறும் செராடோ நிலத்தில் சில ஆண்டுகளுக்குள் கட்டி முடிக்கப்பட்டு, 1960 ஏப்ரல் 21 ஆம் திகதி தலைநகராகத் திறக்கப்பட்டது. அதிபர் யூசெலீனோ குபிச்செக் கடற்கரையில் இருந்த அதிகாரத்தை உள்நாட்டுக்கு இழுத்து வருவதற்காகக் கட்டிய நகரம் அது. அகலமான தெருக்களையும் வெள்ளைக் கட்டடங்களையும் அரைநாள் பார்த்துவிட்டு, வாடகைக்கு எடுத்த வானில் வடக்கே புறப்பட்டோம்.

முதல் இருநூறு கிலோமீற்றரில் பாதிக்கு மேல் வயல்கள்தான். அறுவடை முடிந்து செம்மண் தெரிய வெறுமையாகக் கிடந்தன. கண் எட்டும் தூரம் வரை ஒரு வேலி கிடையாது, ஒரு வீடு கிடையாது. எல்லாம் சோயா அவரை விளையும் நிலம். முன்னர் செராடோ மண் ஒன்றுக்கும் உதவாதது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். புளிப்புத்தன்மை மிகுந்த மண், அலுமினியமும் அதிகம். 1973 இல் தொடங்கப்பட்ட எம்பிராப்பா என்ற அரச விவசாய ஆராய்ச்சி நிறுவனம், சுண்ணாம்பும் பொசுபரசும் இட்டு அந்த மண்ணைத் திருத்தும் முறையையும், வெப்பநாட்டுக்கு ஏற்ற சோயா வகைகளையும் உருவாக்கியது. இன்று பிரேசில் உலகத்திலேயே மிகக் கூடுதலாகச் சோயா விளைவிக்கும் நாடு. அதற்குக் கொடுத்த விலை, செராடோவின் இயற்கைத் தாவரங்களில் ஏறக்குறைய பாதி.

எஞ்சிய பாதியைப் பார்க்கும்போது முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கோணல்மாணலான சிறிய மரங்கள், தடித்த மரப்பட்டை, முழங்கால் அளவு காய்ந்த புல், இடையிடையே ஆளுயரக் கறையான் புற்றுகள். எமது பிள்ளைகள், "இது என்ன, செத்துப்போன காடா?" என்று கேட்டார்கள். சாகவில்லை. காட்டின் பெரும்பகுதி நிலத்துக்குக் கீழே இருக்கிறது. மே முதல் செப்ரெம்பர் வரை மழையே இல்லாத நிலம் ஆதலால், மரங்கள் தண்ணீரைத் தேடி வேரைப் பல மீற்றர் ஆழத்துக்கு விடுகின்றன. அதனால்தான் இதனைத் தலைகீழான காடு என்கிறார்கள். தடித்த பட்டை காட்டுத்தீயிலிருந்து காப்பாற்றுகிறது. தீ கடந்துபோன சில கிழமைகளில் புல்லும் பூவும் மீண்டும் வந்துவிடுகின்றன. இந்த ஆழமான வேர்களின் வழியாக மழைநீர் நிலத்துக்குள் இறங்கித் தேங்குகிறது. ரொக்கன்ரின்ஸ், சான் பிரான்சிஸ்கோ, பரனா முதலிய பெரிய ஆறுகளுக்குத் தண்ணீர் கொடுப்பது இந்த மேட்டு நிலமே. பிரேசிலில் இதனைத் 'தண்ணீரின் தொட்டில்' என்கிறார்கள். மரத்தை வெட்டினால் ஆறு வற்றும் என்பதை அங்குள்ள விவசாயியும் அறிவார்.

அல்ரோ பராயீசோ என்ற ஊரில் தேநீருக்கு நின்றோம். பெயரின் பொருள் 'உயரத்துச் சொர்க்கம்'. ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்தில் இருப்பதால் யூலை இரவுகளில் நல்ல குளிர். அருகில் இருப்பது சப்பாடா டோஸ் வெயடேய்ரோஸ் தேசியப் பூங்கா. 1961 இல் அமைக்கப்பட்டு, 2001 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வெளிநாட்டுப் பயணிகளில் பெரும்பாலானோர் இங்கேயே தங்கி, அருவிகளில் குளித்துவிட்டுத் திரும்பி விடுவார்கள். நாம் மேலும் தொண்ணூறு கிலோமீற்றர் போனோம்.

யன்னல், மேசை, பாண்

கவல்கான்ரே மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் இருக்கிறது. முழு நகரசபைப் பிரிவிலும் பத்தாயிரம் பேர்தான். ஒரு சதுக்கம், ஒரு தேவாலயம், ஓட்டுக் கூரையுடன் தாழ்ந்த வீடுகள், மாலையானதும் வாசலில் கதிரை போட்டு இருந்து கதைக்கும் மனிதர்கள். தெருவில் கோழிகளும் திரிந்தன. மண்ணைப் பார்த்த மாமா குனிந்து ஒரு பிடி எடுத்து, "எங்கட செம்பாடு மாதிரியே இருக்கு" என்றார். சப்பாத்து, சீலை, பிள்ளைகளின் காலுறை எல்லாம் இரண்டு நாளில் அந்த நிறத்துக்கு மாறிவிட்டன.

எமக்குப் போர்த்துக்கேய மொழி தெரியாது. மூத்த மகள் பாடசாலையில் படித்த ஸ்பானிய மொழியை வைத்துச் சமாளித்தாள். ஆனால் தங்கிய விடுதியில் முதல்நாள் காலையிலேயே ஒரு வேடிக்கை நடந்தது. பரிமாறிய பெண் 'பாண்' கொண்டுவரட்டுமா என்று கேட்டார். மாமா உடனே "ஓம், பாண்" என்றார். அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. யன்னல் அங்கே 'ஜனேலா', மேசை 'மேசா', கதிரை 'கதேய்ரா', அலுமாரி 'அர்மாரியோ', சப்பாத்து 'சப்பாத்தோ', துவாய் 'தொவாலியா', குசினி 'கொசீனியா', வாங்கு 'பாங்கோ', விறாந்தை 'வராண்டா'. நாம் எமது சொந்தச் சொற்கள் என்று நினைத்து வீட்டில் புழங்கும் பொருட்களின் பெயர்களெல்லாம் அந்த விடுதியிலே எம்மைச் சுற்றி இருந்தன.

இது தற்செயல் அல்ல. 1500 ஆம் ஆண்டு கப்ரால் என்ற போர்த்துக்கேயத் தளபதி பிரேசில் கரையைக் கண்டு, அதே கப்பல்களோடு தொடர்ந்து கள்ளிக்கோட்டைக்குப் போனான். யாழ்ப்பாணத்தை 1619 இல் கைப்பற்றி, 1658 இல் ஒல்லாந்தரிடம் இழக்கும்வரை ஆண்டவர்களும் அவர்களே. சொற்கள் மட்டும் வரவில்லை. எமது மரமுந்திரிகை, மரவள்ளி, அன்னாசி மூன்றும் தென் அமெரிக்க மண்ணுக்கு உரியவை. இலங்கையில் முந்திரிப்பருப்பைக் 'கஜு' என்கிறோமே, அது பிரேசிலின் பழங்குடியினரான துப்பி மக்களின் சொல். செராடோவில் முழங்கால் உயரத்துக்கே வளரும் குட்டி மரமுந்திரிகைச் செடியை எமக்குக் காட்டினார்கள். இலையைக் கசக்கி மணந்து பார்த்ததும் மாமாவுக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

அங்கே சாப்பாடு எமக்கு ஒத்துப்போகும். சோறும் அவரைக் கறியும்தான் அன்றாட உணவு. பல கடைகளில் விரும்பியதைத் தட்டில் போட்டு, நிறுத்து, எடைக்குக் காசு கொடுக்கலாம். 'பெக்கி' என்ற மஞ்சள் நிறப் பழத்தைச் சோற்றுடன் சேர்த்துச் சமைப்பார்கள். அதன் மணம் பலாப்பழம் போல வீட்டுக்கு வெளியேயும் வரும். விருந்தாளிகளுக்கு ஓர் எச்சரிக்கை: பெக்கியைக் கடிக்கக் கூடாது, முன்பல்லால் மெல்லச் சுரண்ட வேண்டும். விதையின் உள்ளே நுண்ணிய முட்கள் நிறைந்திருக்கின்றன. 'பாரு' என்ற இன்னொரு மரத்தின் கொட்டையை வறுத்தால் நிலக்கடலையும் முந்திரியும் கலந்த சுவை. பிள்ளைகள் பை பையாக வாங்கினார்கள்.

மலைகளுக்குள் போனவர்கள்

இந்த ஊர் உருவானதற்குக் காரணம் பொன். 1720களில் கோயாஸ் பகுதியில் பொன் கண்டுபிடிக்கப்பட்டது. 1740 அளவில் கவல்கான்ரேயிலும் சுரங்கம் தொடங்கியது. பொன்னைத் தோண்டியவர்கள் ஆபிரிக்காவிலிருந்து சங்கிலியில் கொண்டுவரப்பட்ட அடிமைகள். மூன்றரை நூற்றாண்டுக் காலத்தில் பிரேசிலுக்கு ஏறக்குறைய 48 இலட்சம் ஆபிரிக்கர்கள் உயிருடன் கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள். அமெரிக்கக் கண்டங்களில் வேறு எந்த நாட்டுக்கும் இவ்வளவு பேர் கொண்டுவரப்படவில்லை. கடைசியாக அடிமைமுறையை ஒழித்த நாடும் பிரேசில்தான். அது 1888 மே 13 ஆம் திகதி.

அந்தத் திகதி வரை எல்லோரும் காத்திருக்கவில்லை. சுரங்கத்திலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் தப்பியவர்கள், குதிரை ஏற முடியாத மலைகளைத் தாண்டிப் பரனான் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் குடியேறினார்கள். இப்படித் தப்பியவர்களின் குடியிருப்புகளைப் பிரேசிலில் 'கிலோம்போ' என்பார்கள். நாடு முழுவதும் இத்தகைய குடியிருப்புகள் இருந்தன. வடகிழக்கில் இருந்த பல்மாரஸ் அவற்றில் மிகப் பெரியது. அதன் தலைவன் சும்பி 1695 நவம்பர் 20 ஆம் திகதி கொல்லப்பட்டான். அந்த நாள் 2024 முதல் நாடு முழுவதும் பொது விடுமுறை. கோயாஸின் மலைகளுக்குள் போனவர்களின் சந்ததியினரே கலுங்கா மக்கள். 'கலுங்கா' என்பது ஆபிரிக்கப் பாண்டு மொழிகளிலிருந்து வந்த சொல்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்கள் போன இடம் மனிதரில்லாத இடமல்ல. அங்கே பழங்குடி மக்கள் இருந்தார்கள். பொன்னும் மாடும் தேடி வந்தவர்களால் அவர்கள் அழிக்கப்பட்டார்கள். அந்தப் பகுதியின் அவா-கனோயேய்ரோ மக்களில் இன்று எஞ்சியிருப்பவர்கள் மிகச் சிலரே. எந்த மண்ணுக்கும் ஒரு முந்திய கதை உண்டு. கனடாவில் வாழும் எமக்கும் இது பொருந்தும்.

கலுங்கா மக்கள் வெளியுலகத்தோடு தொடர்பே இல்லாமல் இருந்தார்கள் என்று சிலர் கதை கட்டுவார்கள். அது சரியல்ல. உப்புக்கும் துணிக்கும் வந்து போனார்கள். ஆனால் வெளியுலகம் அவர்களிடம் போகவில்லை. 1980களின் தொடக்கத்தில் கோயாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாரி பையோக்கி என்ற மானிடவியலாளர் அங்கே போய்த் தங்கி எழுதத் தொடங்கிய பின்னரே நாடு அவர்களைக் கவனித்தது. அதற்கிடையில் காணியைக் களவெடுப்பவர்களும் கவனித்துவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்துக்கு ஒருவரிடமும் தாள் இல்லை. தாள் வைத்திருப்பவர்கள் எங்கிருந்தோ வந்து வேலி போட்டார்கள்.

எஞ்சேஞ்ஞோவில் ஒரு நாள்

கலுங்கா குடியிருப்புகளில் பயணிகள் இலகுவாகப் போகக்கூடியது எஞ்சேஞ்ஞோ. கவல்கான்ரேயிலிருந்து இருபத்தேழு கிலோமீற்றர் மண் பாதை. வாசலில் பெயர் பதிந்து கட்டணம் செலுத்த வேண்டும். கலுங்கா வழிகாட்டி ஒருவர் இல்லாமல் உள்ளே போக முடியாது. ஒரு நாளைக்கு எத்தனை பேர், அருவியில் எவ்வளவு நேரம் என்பதையும் அவர்களே தீர்மானித்திருக்கிறார்கள். பெரிய ஹோட்டல் எதற்கும் அங்கே இடம் இல்லை. சாப்பாடும் கிராமத்துப் பெண்களின் சமையல்தான். வந்த காசு ஊருக்குள் நிற்கிறது.

எமக்கு வழிகாட்டியாக வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பிள்ளைகள் அவரை 'அன்ரி' என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். மாமாவோ எமது ஊர்ப் பெரியவர்களின் வழக்கப்படி, "பிள்ளை, கொஞ்சம் ஆறுதலாய் நடவுங்கோ" என்றார். 'பிள்ளை' என்றால் என்ன என்று அவர் மகளிடம் கேட்டார். பொருளைச் சொன்னதும் சிரித்து, பிறகு மாமாவின் கையைப் பிடித்தே நடத்திச் சென்றார்.

சாந்தா பார்பரா அருவி ஏறக்குறைய முப்பது மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. விழும் குளத்தின் நீர் நீலமும் பச்சையுமாக, அடியில் கிடக்கும் கல்லை எண்ணக்கூடிய தெளிவு. உச்சி வெயில் நேராக விழும்போது பார்த்தவர்கள் வேறு நிறம் எதையும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். படம் எடுப்பவர்களுக்கு இதுவே போதும். எமக்கு அதைவிடப் பெரியதாகப் பட்டது வழியில் நின்ற மரங்கள்.

ஈரமான தாழ்நிலங்களில் வரிசையாக நிற்கும் ஒரு பனை. அதன் பெயர் புரிற்றி. நேராக வளர்ந்த நெடுமரம், விசிறி ஓலை, ஆண் மரம் வேறு பெண் மரம் வேறு. தூரத்தில் கண்டதும் எம்மில் பெரியவர்கள் அனைவரும் ஒருமித்துச் சொன்ன சொல்லை இங்கு எழுத வேண்டியதில்லை. எமது பனை வரண்ட மண்ணில் நிற்கும், இது தண்ணீரில் கால் வைத்து நிற்கும். புரிற்றி தெரியும் இடத்தில் நீரூற்று இருக்கும் என்பது அங்குள்ளவர்களின் கணக்கு. ஓலையால் கூரை வேய்கிறார்கள். நாரில் பாயும் கூடையும் இழைக்கிறார்கள். செம்மஞ்சள் நிறப் பழத்தைக் கரைத்துக் காய்ச்சி இனிப்புச் செய்கிறார்கள். அந்த இனிப்பை வாயில் வைத்த மாமா, பனாட்டை நினைத்தாரோ என்னவோ, நெடுநேரம் பேசவில்லை.

வழிகாட்டியின் தாயார் வீட்டில் மதியச் சாப்பாடு. மண் சுவர், ஓலைக் கூரை, விறகடுப்பு. பின் கொட்டிலில் மரவள்ளி மா செய்யும் வேலை நடந்துகொண்டிருந்தது. கிழங்கைத் துருவி, பிழிந்து, பெரிய தட்டையான தாச்சியில் கிளறி வறுக்கிறார்கள். நச்சுத்தன்மை உள்ள வகை ஆதலால் பிழிவது மிகவும் முக்கியம் என்று அந்த அம்மா விளக்கினார். எமது ஊரிலும் மரவள்ளியை மூடாமல் அவிக்க வேண்டும், இஞ்சியோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்று சொல்வார்கள் என்று நாம் சொன்னோம். இஞ்சியைப் பற்றிக் கேட்டதும் அவருக்கு ஆச்சரியம். பயிர் அங்கிருந்து வந்தது, பயம் மட்டும் எம்முடையது போலும்.

ஓகஸ்ற் மாதத்தில் வந்தால் அபாதியா மாதாவின் திருவிழாவைப் பார்க்கலாம் என்றார்கள். ஓகஸ்ற் 15 ஐ ஒட்டிய நாட்களில் கலுங்கா மக்கள் ஆற்றைக் கடந்தும் மலை இறங்கியும் 'வான் டி அல்மாஸ்' என்ற பள்ளத்தாக்கில் கூடி, ஓலைக் கொட்டில்கள் போட்டுப் பல நாட்கள் தங்குவார்கள். பெண்கள் தலையில் போத்தல் வைத்து விழாமல் ஆடும் 'சுசா' என்ற நடனமும் உண்டு. அதே திகதியில் எமது மடுவிலும் இப்படித்தானே கொட்டில் போட்டுத் தங்குவார்கள் என்று சொல்ல, மடு எங்கே இருக்கிறது என்று கேட்டார் அந்த அம்மா. மகள் மண்ணில் தடியால் இலங்கையைக் கீறிக் காட்டினாள்.

தாளும் நிலமும்

அந்தப் படத்திலிருந்துதான் கதை காணிக்குத் திரும்பியது. ஏன் உங்கள் நாட்டை விட்டு வந்தீர்கள் என்று வழிகாட்டி கேட்டார். போர் என்றோம். உங்கள் காணி என்ன ஆனது என்பது அவரது அடுத்த கேள்வி. கனடாவில் எம்மிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. மாமா பதில் சொன்னார். வலிகாமம் வடக்கில் ஆறு பரப்புக் காணி, கல்வீடு, இரண்டு கிணறு. 1990 இல் விட்டுவிட்டு வந்தது. போர் 2009 இல் முடிந்தது. சுற்றியுள்ள காணிகள் சில விடுபட்டுவிட்டன. அவருடையது இன்னும் முட்கம்பிக்குப் பின்னால் இருக்கிறது. உறுதி மட்டும் ரொறன்ரோவில் அலுமாரிக்குள், பிளாஸ்ரிக் உறைக்குள், பத்திரமாக இருக்கிறது.

மகள் மொழிபெயர்த்து முடிக்கும்வரை வழிகாட்டி பேசாமல் இருந்தார். பிறகு சொன்னதன் சாரம் இதுதான். உங்களிடம் தாள் இருக்கிறது, நிலம் இல்லை. எங்களிடம் எப்போதும் நிலம் இருந்தது, தாள் இருக்கவில்லை.

அவர்கள் தாளுக்காகப் போராடிய கதை எமது வாசகர்கள் அறிய வேண்டியது. இராணுவ ஆட்சி முடிந்தபின் 1988 இல் எழுதப்பட்ட பிரேசில் அரசியலமைப்பு, கிலோம்போ மக்கள் குடியிருக்கும் நிலம் அவர்களுக்கே சொந்தம் என்றும், அரசு அதற்கு உறுதி வழங்க வேண்டும் என்றும் விதித்தது. அதே அரசியலமைப்பு, பழைய கிலோம்போக்களின் நினைவைத் தாங்கிய இடங்களும் ஆவணங்களும் 'தோம்பு' செய்யப்பட்டவை என்றும் சொல்கிறது. ஆம், எமது காணிப் பதிவேட்டின் பெயரான அதே தோம்பு. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தில் வரி வாங்குவதற்காக எழுதிய தோம்பின் சொல், அவர்களின் இன்னொரு குடியேற்ற நாட்டில் மரபுரிமையாகப் பதிந்து பாதுகாப்பதைக் குறிக்கும் சொல்லாக மாறியிருக்கிறது. இதைக் கேட்ட மாமா தமது உறுதியிலும் தோம்பு என்ற சொல் இருக்கிறது என்று பலமுறை சொன்னார்.

1991 இல் கோயாஸ் மாநிலம் இரண்டரை இலட்சம் ஹெக்ரேயருக்கும் மேற்பட்ட நிலத்தைக் கலுங்கா மரபுரிமைப் பிரதேசமாகச் சட்டத்தால் அறிவித்தது. கவல்கான்ரே, தெரெசினா, மொன்ரே அலெக்ரே ஆகிய மூன்று நகரசபைப் பிரிவுகளில் அது பரந்திருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் ஆணை ஒன்று உறுதி வழங்கும் முறையை வகுத்தது. அதன்படி உறுதி தனியாளின் பெயரில் எழுதப்படாது, ஊரின் சங்கத்தின் பெயரிலேயே எழுதப்படும். விற்க முடியாது, ஈடு வைக்க முடியாது, பிரிக்க முடியாது. உள்ளே வேலி போட்ட தனியாரின் நிலங்களை நட்டஈடு கொடுத்து மீட்க 2009 நவம்பர் 20 ஆம் திகதி, சும்பியின் நினைவு நாளில், ஆணை பிறந்தது. ஆனால் ஆணை வேறு, கைக்கு வரும் உறுதி வேறு. உறுதிகள் பகுதி பகுதியாகத்தான் வந்திருக்கின்றன. 2020 இல் இந்தப் பிரதேசத்துக்குள்ளேயே சட்டவிரோதமாகக் காடு அழிக்கப்பட்டது.

காத்திருந்த காலத்தில் கலுங்கா மக்கள் சும்மா இருக்கவில்லை. அவர்களின் சங்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் வீடுவீடாகச் சென்று, செய்மதிக் கருவியால் இடம் குறித்து, எந்த வீடு, எந்த வயல், எந்த நீரூற்று என்று தங்கள் பிரதேசத்தின் வரைபடத்தைத் தாங்களே தயாரித்தார்கள். 2021 இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் அமைப்பு, மக்களே பாதுகாக்கும் இயற்கைப் பிரதேசமாக இதனைப் பதிவு செய்தது. பிரேசிலில் அந்த அங்கீகாரம் பெற்ற முதல் இடம் இதுவே. 2022 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில்தான் பிரேசில் கிலோம்போ மக்களை முதன்முறையாகத் தனியாக எண்ணியது. நாடு முழுவதும் 13 இலட்சத்துக்கு மேற்பட்டோர். கவல்கான்ரே பிரிவில் பாதிக்கும் மேலானோர் அவர்களே. அடிமைமுறை ஒழிந்து 134 ஆண்டுகள் கழித்து எண்ணிக்கையில் வந்தார்கள்.

தாங்கள் தப்பி ஒளிந்தவர்களின் பிள்ளைகள் என்று சொல்வதற்கு வெட்கப்பட்ட காலம் ஒன்று இருந்ததாக அந்த அம்மா சொன்னார். இப்போது பேரப்பிள்ளைகள் பாடசாலையில் எழுந்து நின்று சொல்கிறார்களாம். இதைக் கேட்டபோது எமது பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தோம். 'அகதி' என்ற சொல்லை வீட்டில்கூட மெல்லமாகச் சொல்லி வளர்த்த பிள்ளைகள் அவர்கள்.

போக விரும்புவோருக்கு

யூன் முதல் செப்ரெம்பர் வரை வரண்ட காலம். மழை இருக்காது, தூசி இருக்கும். பகலில் நல்ல வெயில், இரவில் கம்பளி வேண்டும். யூலையிலிருந்து இலை உதிர்த்த 'இப்பே' மரங்கள் பூக்கத் தொடங்கும். மஞ்சட் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்னதாகவே போட்டுக்கொள்ள வேண்டும். ஒக்ரோபர் தொடக்கம் மழை. அப்போது மண் பாதையில் வாகனம் புதையலாம், அருவிகளில் திடீரென வெள்ளம் வரலாம். எக்காலத்திலும் வழிகாட்டியின் சொல்லை மீற வேண்டாம். வயதானவர்கள் அருவிவரை நடப்பது சிரமம் என்றாலும், ஊருக்குள் இருந்து ஆறுதலாகக் கதைத்துவிட்டு வரலாம். ஆட்களைப் படம் எடுக்கமுன் கேட்க வேண்டும். மரவள்ளி மாவும் பாருக் கொட்டையும் அங்கேயே வாங்குங்கள், காசு உரிய கைக்குப் போகும்.

திரும்பி வந்தபின் எமது வீட்டில் ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். பெரிய கடதாசி ஒன்றை மேசையில் விரித்து, மாமா சொல்லச் சொல்ல மகள் கீறுகிறாள். எந்த ஒழுங்கையில் யார் வீடு, எந்தக் கிணறு நல்ல தண்ணீர், எது உவர், வைரவர் கோவிலுக்குப் பக்கத்து வேம்பு யாருடைய எல்லைக்குள் நின்றது, எந்தக் காணிக்கு என்ன பெயர். உறுதியில் நான்கு எல்லைகள் மட்டுமே எழுதியிருக்கும். அந்த எல்லைகளுக்குள் இருந்ததை எந்தக் கந்தோரிலும் பதியவில்லை. அதை அறிந்தவர்கள் இப்போது எழுபதும் எண்பதும் வயதானவர்கள். வாசகர்களின் வீடுகளிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவரிடம் இந்தக் கோடையிலேயே கேட்டுக் கீறுங்கள். கலுங்கா மக்களுக்கு உறுதி வருவதற்கு முன்னரே வரைபடம் இருந்தது. நீதிமன்றத்திலும் அரச அலுவலகத்திலும் அவர்கள் விரித்து வைத்துப் பேசியது அதைத்தான்.